மரப்படகு கட்டும் தொழிலைக் கற்க எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி (நாகப்பட்டினம் மாவட்டம்)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 32. கதவு, நிலை, கட்டில், அலமாரி முதலியவற்றைச் செய்யும் சிறிய மரப்பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். உளியும் இழைப்புளியும் கைக்குப் பழகியவை. மூட்டு வேலையில் எனக்குத் தயக்கம் கிடையாது. எங்கள் பகுதியில் கடற்கரை எங்கும் இப்போது ஃபைபர் படகுகளே நிற்கின்றன. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு உதவியாக வந்தவற்றுள் பெரும்பாலானவை ஃபைபர் படகுகளாக இருந்ததால், அதற்கு முன்பே குறையத் தொடங்கியிருந்த கட்டுமரமும் மர வள்ளமும் மேலும் விரைவாக விலகிச் சென்றன என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். ஆயினும் பெரிய விசைப்படகுகள் பலவற்றை இன்னும் மரத்தில்தான் கட்டுகிறார்கள், மரத்தில்தான் பழுது பார்க்கிறார்கள்.

பாய் விரித்து ஓட்டத்தக்க, ஏறத்தாழ 18 அடி நீளமுள்ள ஒரு மர வள்ளத்தை முதலிலிருந்து முடிவுவரை நானே கட்ட வேண்டும் என்பது என் விருப்பம். ஒன்றைக் கட்டி நிறுத்திவிட்டு ஒதுங்கும் எண்ணம் எனக்கில்லை. இந்தத் தொழிலை இரண்டாவது தொழிலாகவேனும் கைக்கொள்ள வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கிறேன். இதை ஓர் ஓடாவியிடம் (மரபுவழிப் படகு கட்டும் தச்சரிடம்) கூலியாளாகச் சேர்ந்து கற்பதா, வரைபடங்களைப் பார்த்து நானே தொடங்குவதா, வெளிநாடுகளில் உள்ள படகுக்கட்டுமானப் பள்ளிகளில் ஒன்றுக்குச் செல்வதற்குப் பணம் சேர்ப்பதா என்று தெளிவுபெற முடியவில்லை. மரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் வீட்டு வேலைக்கும் படகு வேலைக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவர்கள் விளக்கினால் பெரிதும் நன்றியுடையவனாக இருப்பேன்.


மறுமொழி 1 (இராமநாதபுரம் மாவட்டம், ஓடாவிக் குடும்பம்)

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்து மகிழ்ந்தேன். கட்டில் செய்யும் கைக்கும் படகு செய்யும் கைக்கும் உள்ள முதல் வேறுபாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் பட்டறையில் எல்லாமே மூலைமட்டத்தில் தொடங்கி மூலைமட்டத்தில் முடியும். படகில் நேர்கோணத்தைத் தேடினாலும் எளிதில் கிடைக்காது. படகின் முதுகெலும்பான ஏராக் கட்டையின்மேல் விலா எலும்புபோல் நிற்கும் ஒவ்வொரு வங்கின் வெளிமுகத்தையும் பலகை முழுமையாகப் படியும்படி சாய்த்துச் சீவ வேண்டும். அந்தச் சாய்வு படகின் நடுவில் ஏறக்குறைய இல்லாமலும், அணியத்தை, அதாவது முன்முனையை, நெருங்க நெருங்க மிகுதியாகவும் இருக்கும். ஒரே வங்கிலேயே மேலும் கீழும் சாய்வு மாறும். இதை எண்ணாகச் சொல்லிக் கொடுக்க என்னால் இயலாது. மெல்லிய நீண்ட சட்டம் ஒன்றை வங்குகளின்மேல் வளைத்துப் பிடித்து, எங்கே அது தொடுகிறது, எங்கே இடைவெளி விடுகிறது என்று பார்த்துப் பார்த்து வாச்சி என்ற செதுக்கும் கருவியால் சீவுவதுதான் வழி. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சட்டத்தின் ஒரு முனையில் கண்ணை வைத்துப் பார்ப்பார்கள். கோடு ஓரிடத்தில் திக்கினால் உடனே தெரிந்துவிடும்.

ஆகவே என் அறிவுரை இது: புதிய படகு கட்டும் இடத்தைத் தேடுவதற்கு முன், பழைய படகைப் பழுது பார்க்கும் இடத்துக்குப் போங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். விசைப்படகுகள் கரையேற்றப்பட்டு, பலகை மாற்றுவதும் கலப்பத்து பார்ப்பதும் (பலகை இடுக்குகளை அடைப்பதும்) வண்ணம் பூசுவதும் ஒருசேர நடக்கும் காலம் அதுவே. எல்லா இடங்களிலும் ஆள் தேவைப்படும். மர வேலை தெரிந்த ஒருவரை வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

பழுது பார்ப்பதில் ஒரு பெரிய நன்மை உண்டு. மக்கிய பலகை ஒன்றைக் கழற்றும்போது படகின் உள்ளே எல்லாம் திறந்து கிடக்கும். எந்த ஆணி எந்த வங்கில் இறங்கியிருக்கிறது, இரண்டு பலகைகளின் முனைகள் எங்கே சந்திக்கின்றன, அடுத்த வரிசையில் அந்தச் சந்திப்பை ஏன் தள்ளி வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் கண்ணுக்கு நேராகத் தெரியும். மரம் எங்கே மக்குகிறது என்பதும் தெரியும். கடல்நீரில் எப்போதும் மூழ்கியிருக்கும் அடிப்பலகையைவிட, மழைநீர் தேங்கும் தளத்தின் ஓரமும், காற்றுப் போகாத மூலைகளும், அணியத்தில் பலகைகள் வந்து சேரும் இடமுமே முதலில் போகும். உப்புநீர் மக்கலைத் தடுக்கும். நல்ல தண்ணீர்தான் மரத்தைத் தின்னும். இதைப் பழைய படகில் பார்த்தவர்கள், புதிய படகு கட்டும்போது நீர் வடியும் வழிகளை மறக்கமாட்டார்கள்.

மாற்றுப் பலகை செய்வதே ஒரு முழுப் பாடம். திறந்த இடத்தின் வடிவத்தை மெல்லிய பலகையில் படியெடுத்து, அதைத் தட்டையான மரத்தில் வைத்துப் பார்த்தால், நேராகத் தோன்றிய பலகை உண்மையில் வாள்போல் வளைந்திருப்பது புலப்படும். அந்த வளைவோடு அறுத்து, பிறகு முறுக்கிப் பொருத்த வேண்டும். முறுக்கல் மிகுதியான அணியப் பலகையை நீர் ஊற்றி ஊற்றி நெருப்பின்மேல் காட்டி, இளகியதும் தாமதமின்றிக் கயிறும் ஆப்பும் கொண்டு இறுக்குவோம். ஆவிப்பெட்டி வைத்திருப்பவர்கள் ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆவியில் வைப்பார்கள். இரண்டிலும், வெளியே எடுத்த பிறகு கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. நான்கு பேர் ஒரே மனதாக வேலை செய்யாவிட்டால் பலகை பிளந்துவிடும்.

கலப்பத்து பார்ப்பதைச் சிறு வேலை என்று நினைக்காதீர்கள். இரு பலகைகளின் உள்விளிம்புகள் நெருங்கித் தொட வேண்டும். வெளிப்பக்கம் சற்றே திறந்திருக்க வேண்டும். அந்த இடுக்கில் பஞ்சுத்திரியைக் கலப்பத்து உளியால் அடித்து இறக்கி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிய பசையை மேலே பூசுவார்கள். பஞ்சு போதிய அளவு இறங்கியதும் கொட்டாப்புளியின் ஓசை மாறி, கனமாக ஒலிக்கும். அந்த ஓசையைக் கேட்டு நிறுத்தத் தெரியாமல் மேலும் அடித்தால், படகு நீரில் இறங்கிப் பலகை ஊறும்போது பஞ்சே பலகையை வங்கிலிருந்து தள்ளிவிடும். தேர்ந்த ஒருவரின் பக்கத்தில் அமர்ந்து, அவருடைய அடியின் ஒலியையும் உங்கள் அடியின் ஒலியையும் ஒப்பிட்டுக் கேட்பதைத் தவிர இதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

எப்படி அணுகுவது என்று கேட்பீர்கள். படகு உரிமையாளர் ஒருவர் வழியாகச் செல்வது நல்லது. ஓடாவிகள் பெரும்பாலும் மொத்தமாகப் பேசி வேலையை எடுப்பதால், அவர்களுடைய குழுவில் புதியவர் ஒருவர் நுழைவது கூலிக் கணக்கைப் பாதிக்கும். தொடக்கத்தில் உதவியாளுக்குரிய கூலியையே எதிர்பார்ப்பதாக வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். முதல் நாளிலேயே கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்க வேண்டாம். பலகையைத் தூக்கிப் பிடியுங்கள், ஆணிக்குத் துளை போடுங்கள். கேள்விகளை வேலை நடக்கும்போது கேட்காமல், தேநீர் நேரத்தில் கேளுங்கள். மனம் விட்டுச் சொல்வார்கள்.


மறுமொழி 2 (மரத் தொழில்நுட்பம் படித்தவர், கோயம்புத்தூர்)

மேலே எழுதிய ஐயா தொழிலைச் சொல்லிவிட்டார். நான் மரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மரச்சாமான் செய்பவர்கள் மரம் எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று பழகியவர்கள். படகுக்கு அது பொருந்தாது. மிகையாகக் காய்ந்த பலகையை நெருக்கிப் பொருத்திவிட்டு நீரில் இறக்கினால், அது ஊறிப் பெருக்க இடமின்றி ஆணிகளை இழுத்து, வங்குகளையே நெளியச் செய்யும். 15 விழுக்காட்டையொட்டிய ஈரப்பதம் உள்ள, நிழலில் காற்றோட்டமாக உலர்ந்த மரமே ஏற்றது. ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது காற்றில் உலர்த்துவோரின் பொதுவான கணக்கு. சூளையில் உலர்த்திய மரம் ஆவியில் வைத்தாலும் எளிதில் வளையாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பலகை எப்படி அறுக்கப்பட்டது என்பதும் முக்கியம். மரம் காயும்போது, ஆண்டு வளையங்களின் போக்கில் சுருங்கும் அளவு, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்கும் அளவைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு இருக்கும். அதனால் வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த பலகை குறைவாகவே அசையும். கலப்பத்தும் நெடுநாள் நிற்கும். வெளிர்நிறமான வெளிமரத்தை முழுவதும் கழித்துவிடுங்கள். விலை கொடுத்து வாங்கிய மரத்தில் ஒரு பகுதியை வெட்டி எறிவது மனத்துக்கு வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் முதலில் மக்குவதும் புழு ஏறுவதும் அந்தப் பகுதியே.

பலகைக்குத் தேக்கும் ஆயினியும் காலங்காலமாகப் பயன்பட்டு வருபவை. ஆயினி கடல்நீரைத் தாங்கும், தேக்கைவிட மலிவாகவும் கிடைக்கும். மாமரம் மலிவு என்பதற்காக வாங்கினால் ஆயுள் குறையும். வங்குகளுக்கு நாட்டுக் கருவேலம், புன்னை, பூவரசு போன்றவற்றில் இயற்கையாகவே வளைந்த கிளைகளைத் தேடுங்கள். நேரான பலகையில் வளைவை வரைந்து அறுத்தால் மரத்தின் நார் குறுக்கே வெட்டுப்பட்டு, அந்த இடத்தில் எளிதாக முறியும். வளைந்து வளர்ந்த கிளையில் நார் வளைவோடு சேர்ந்தே ஓடுவதால் அதன் வலிமை தனி. கருவேலம் வெட்டும் இடங்களில் விறகாகப் போகும் கோணல் கிளைகளை ஓடாவிகள் பார்த்துப் பார்த்துப் பொறுக்குவதைக் கவனித்திருக்கிறேன். அந்தக் கண் உங்களுக்கும் வர வேண்டும். சாலையில் போகும்போதே மரங்களின் கவைகளைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் நீங்கள் சரியான வழியில் இருக்கிறீர்கள்.

கப்பல் புழுவைப் பற்றியும் ஒரு சொல். அது குண்டூசித் தலையளவுத் துளையில் இளம் பருவத்தில் நுழைந்து, உள்ளேயே வளர்ந்து மரத்தைக் குடைந்துவிடும். வெளிப்பார்வைக்குப் பலகை நன்றாகவே இருக்கும். உப்புநீரிலேயே எப்போதும் மிதக்கும் படகுக்குத்தான் பேரிடர். உங்கள் வள்ளத்தை அடிக்கடி கரையேற்றிக் காயவைத்து, அடியில் மீன் எண்ணெயோ முந்திரிக்கொட்டை எண்ணெயோ பூசி வந்தால் போதிய பாதுகாப்புக் கிடைக்கும்.


கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வருகிற தடைக்காலத்தில் பழுது பார்க்கும் இடத்தில் சேர முயல்வது என்று முடிவு செய்துவிட்டேன். இன்னும் ஓர் ஐயம் உள்ளது. நம் ஓடாவிகள் தாளில் வரையாமலே கட்டுகிறார்கள் என்றால், வரைபடம் கற்பது எனக்கு உதவுமா, அல்லது கண்ணின் பழக்கத்தைக் கெடுத்துவிடுமா?


மறுமொழி 3 (பேர்கன், நோர்வே, பூர்வீகம் வல்வெட்டித்துறை)

கெடுக்காது என்பதே என் உறுதியான எண்ணம். ஆனால் வரைபடத்துக்கு உரிய இடம் எது என்று அறிந்துகொள்ள வேண்டும். எங்கள் ஊரில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்திலுள்ள குளோஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. அத்தகைய கப்பலைக் கட்டிய கைகளின் அறிவை இன்று நாம் முழுமையாக மீட்க முடியாமல் இருப்பதை எண்ணும்போதெல்லாம் வருந்துகிறேன். ஓடாவியின் கண்ணில் இருப்பது அவரோடு போய்விடும். அதைக் காப்பதற்காகவாவது நீங்கள் அளவெடுக்கவும் வரையவும் கற்க வேண்டும்.

நான் வாழும் பேர்கனுக்குத் தெற்கே ஓஸ் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஓசெல்வார் என்ற சிறிய படகைக் கட்டும் பட்டறை 1997இல் நிறுவப்பட்டது. பயிற்சியாளர்கள் தேர்ந்த கட்டுநருடன் சேர்ந்து உண்மையான படகுகளைக் கட்டியே கற்கிறார்கள். இந்தக் கற்பிக்கும் முறையை 2016இல் யுனெஸ்கோ தன் நற்செயற்பாட்டுப் பதிவேட்டில் சேர்த்தது. அங்கேயும் பழைய கட்டுநர்கள் தாளில் வரைந்தவர்கள் அல்லர். அகலமான சில பலகைகளை ஒன்றன் விளிம்பு மற்றதன்மேல் படியும்படி முதலில் பொருத்தி, படகின் வடிவம் உருவான பிறகே வங்குகளை உள்ளே வைப்பார்கள். கேரளத்தின் பேப்பூரில் கட்டப்படும் ‘உரு’ என்ற மரக்கப்பல்களும் மரபாகப் பலகை முந்தி, வங்கு பிந்தி என்ற வரிசையில்தான் எழுந்தன. அங்கேயும் மேஸ்திரியின் மனத்தில்தான் திட்டம் இருக்கும். இப்படிக் கட்டும்போது பலகையின் சாய்வே படகின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே உங்கள் ஓடாவி எதை முதலில் நிறுத்துகிறார் என்பதைக் கவனியுங்கள்; அவர் எதை அளக்கிறார், எதை அளக்காமல் விடுகிறார் என்பது அதிலிருந்தே விளங்கும்.

நீங்கள் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. ஓட்டத்தில் நன்றாக இருக்கிறது என்று மீனவர்களே பாராட்டும் பழைய மர வள்ளம் ஒன்றைத் தேடி, உரிமையாளரின் ஒப்புதலோடு, சம இடைவெளிகளில் அதன் அகலங்களையும் உயரங்களையும் அளந்து எழுதுங்கள். பிறகு உங்கள் பட்டறைத் தரையில் அதை முழு அளவில் வரையுங்கள். மேலிருந்து பார்க்கும் கோடும், பக்கத்திலிருந்து பார்க்கும் கோடும், குறுக்கு வெட்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் வரை சட்டத்தை வளைத்துத் திருத்துங்கள். ஐயா சொன்ன வங்கின் சாய்வை அந்தத் தரை வரைவிலிருந்தே நீங்கள் எடுத்துவிட முடியும். அதன்பின் அவர் கண்ணால் சீவிய சாய்வோடு ஒப்பிட்டால், இரண்டும் எவ்வளவு நெருங்கி வருகின்றன என்பதைக் கண்டு வியப்பீர்கள்.

இந்தியக் கடற்படையின் ‘கௌண்டின்யா’வும் இங்கே நினைவுக்கு வருகிறது. 5ஆம் நூற்றாண்டு அஜந்தா ஓவியம் ஒன்றே அந்தக் கப்பலுக்கு அடிப்படை. வரைபடமோ பழைய கப்பலின் எச்சமோ கைவசம் இல்லை. பாபு சங்கரன் தலைமையில் கேரளக் கைவினைஞர்கள் பலகைகளைத் தென்னைநார்க் கயிற்றால் தைத்துக் கட்ட, ஐஐடி மெட்ராஸின் கடற்பொறியியல் துறை மாதிரிச் சோதனைகளைச் செய்தது. 2025 மே மாதம் கார்வாரில் அது கடற்படையில் சேர்க்கப்பட்டது. கையும் கணக்கும் சேர்ந்தே அதை மிதக்கவைத்தன. சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன், அலையைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் கரைசேர்த்த மசூலாப் படகுகளும் வங்கே இல்லாமல் கயிற்றால் தைக்கப்பட்டவைதாம். அலை தூக்கி மணலில் அடிக்கும்போது அவை நெளிந்து கொடுத்தன. தையல் முறையைப் பிற்காலத்தில் கற்க விரும்பினால், நம் கரைக்கு அது அந்நியமானது அன்று.

வெளிநாட்டுப் பள்ளிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இங்கிலாந்தில் லைம் ரீஜிஸ், அமெரிக்காவில் மெயின் மாநிலத்தின் புரூக்லின் போன்ற இடங்களில் தரமான பயிற்சி கிடைக்கிறது. ஆனால் அவர்கள் கற்பிக்கும் மரங்களும் கடலும் வேறு. உங்களிடம் உளி பிடிக்கும் கை ஏற்கெனவே இருப்பதால், அந்தப் பணத்தை நல்ல மரத்துக்குச் செலவிடுவதே மேல்.


மறுமொழி 4 (கன்னியாகுமரி மாவட்டம், படகுப் பட்டறை நடத்துபவர்)

மேலே உள்ளவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஒன்றில் மட்டும் எனக்கு மாறுபாடு உண்டு. தடைக்காலம் வேலை கற்க ஏற்ற காலம் என்பது பாதி உண்மை. படகு குறித்த நாளில் கடலுக்கு இறங்கியே ஆக வேண்டும் என்ற நெருக்கடியில் யாருக்கும் நின்று விளக்க நேரம் இருக்காது. புதியவர் தவறாக அடித்த ஆணியைப் பிடுங்கித் திருத்தவும் பொறுமை இருக்காது. பார்க்கலாம், தூக்கலாம், கையால் செய்து கற்பது அரிது.

ஆகவே அதற்கு முன்பே உங்கள் பட்டறையில் சிறிய படகு ஒன்றைக் கடல்தர ஒட்டுப்பலகையில் கட்டிப் பார்க்கும்படி சொல்வேன். எங்கள் முட்டம் பகுதியில் 1980களில் பியர் ஜில்லே என்ற பொறியாளர் மீனவர்களோடு சேர்ந்து ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கினார். வெட்டிய பலகைகளைக் கம்பியால் தைத்து நிறுத்தி, இணைப்பை ஒட்டி உறுதிப்படுத்தும் முறை அது. தட்டையான பலகை இரண்டு பக்கமும் இழுத்துத் தைக்கப்படும்போது எப்படி அணியமாக எழுகிறது என்பதை உங்கள் கையாலேயே உணர்வீர்கள். இது மரபுத் தொழில் ஆகாது என்று சிலர் ஒதுக்குவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வளைவைப் புரிந்துகொள்ள இதைவிடக் குறைந்த செலவில் வேறு வழியில்லை.

மேலும், எங்கள் மேற்குக் கரையில் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. உங்கள் பக்கத்து வேலை முடிந்ததும் இங்கே வந்தால், ஒரே ஆண்டில் இரண்டு கரைகளின் படகுகளையும் பார்க்கலாம். அலை உயர்ந்த எங்கள் கரைக்கும், ஆழம் குறைந்த பாக் நீரிணைக்கும் படகின் அடிவடிவம் ஏன் வேறுபடுகிறது என்பதை நேரில் பார்த்தபின், உங்கள் வள்ளத்துக்கு எந்த அடி வேண்டும் என்று நீங்களே முடிவு செய்வீர்கள்.


மறுமொழி 1 எழுதியவர், மீண்டும்

கன்னியாகுமரியிலிருந்து எழுதிய அம்மா சொல்வது சரியே. தடைக்காலத்தின் கடைசி வாரங்களில் எங்கள் பட்டறைகளிலும் யாரும் வாய் திறந்து பேசுவதில்லை. எனவே தம்பி, ஏப்ரலில் படகுகள் கரையேறும் முதல் நாட்களிலேயே வந்துவிடுங்கள். பலகை கழற்றும் வேலை அப்போதுதான் நடக்கும், ஓடாவி ஒவ்வொரு வங்காகத் தட்டிப் பார்த்து எது மக்கியது, எது நிற்கும் என்று முடிவு செய்வதும் அப்போதுதான். வரும்போது உங்கள் சொந்த உளிகளைத் தீட்டிக் கொண்டுவாருங்கள். வாச்சி ஒன்றையும் இப்போதே வாங்கி, வேண்டாத கருவேலங்கட்டையில் ஒரே கனத்தில் சீவல் எடுத்துப் பழகுங்கள். கட்டில் வேலையில் உங்களுக்கு வாய்க்காத கருவி அதுதான். ஒட்டுப்பலகைப் படகைக் கட்டினால் அதன் அளவுகளைக் குறித்த ஏட்டையும் உடன் எடுத்து வாருங்கள், நானும் பார்க்க விரும்புகிறேன்.